ஷெட் ரெடி, மிஷின் ரெடி, கரண்ட் வரலை

கேள்வி:

எனக்கு வயது 37. டிப்ளமோ மெக்கானிக்கல். கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு மிஷின் ஷாப்பில் 14 வருடமாக இருக்கிறேன், இப்போது புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். எங்கள் வாடகை ஷெட்டை மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டியிருந்ததால், முதலாளி ஊருக்கு வெளியே சொந்த ஷெட் கட்டினார். போன ஆயுத பூஜை முடிந்ததும், "ஷிஃப்டிங் முழுசும் நீயே பாத்துக்கோ" என்று என்னிடம் விட்டார். மொத்தம் 22 மிஷின். பொங்கலுக்குள் முடிப்பதாக ஒத்துக்கொண்டேன். முடிய மே மாதம் ஆகிவிட்டது. நடுவில் ஐந்து வாரம் உற்பத்தியே இல்லை. ஒரு கஸ்டமர் இரண்டு ஐட்டத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். பொங்கலுக்கு ஆகாது என்று டிசம்பரிலேயே எனக்குத் தெரியும். முதலாளி முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை. ஒரு ஞாயிறுகூட நான் வீட்டில் இல்லை. இருந்தும் "உனக்கு பிளானிங் பத்தாது" என்ற பெயர்தான் மிச்சம். எக்ஸல் ஷீட் போட்டுத்தான் செய்தேன், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்து பவுடர் கோட்டிங் (பாகத்தில் பெயின்ட் பொடி தூவிச் சூட்டில் உருக்குவது) லைன் போடும் வேலையும் என்னிடமே வருகிறது. பி.எம்.பி. (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ்) கோர்ஸ் படித்தால் சரியாகுமா? நான் எங்கே தப்பு செய்தேன்?

— பெயர் வேண்டாம், கோவை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எக்ஸல் ஷீட்டை இரண்டு தடவை படித்தேன். 64 வரி. ஒவ்வொன்றுக்கும் ஆரம்பத் தேதி, முடியும் தேதி, பச்சை மஞ்சள் சிவப்பு எல்லாம் இருக்கிறது. பிளானிங் தெரியாதவர் இப்படி ஒரு ஷீட் போட மாட்டார், அதனால் அந்தப் பெயரை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். ஆனால் 41-வது வரியில் என் கண் நின்றுவிட்டது. "கரண்ட் – 15 நாள் – முதலாளி பார்த்துக்கொள்வார்." ஆரம்பத் தேதி ஜனவரி 3. கரண்ட் வந்தது மே 6 என்று பக்கத்தில் நீங்களே குறித்திருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் 123 நாள். உற்பத்தி நின்ற ஐந்து வாரமும் இந்த ஒரே வரிக்குள்தான் இருக்கிறது.

ஷீட்டில் நீங்கள் வேலையை எல்லாம் எழுதிவிட்டீர்கள், காத்திருப்பை எழுதவில்லை. முறையாகப் படிக்காமல் இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கியிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

15 நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. ஆள் வந்து கம்பி இழுத்து, மீட்டர் மாட்டி, ஜம்பர் போடுகிற நேரம் அது. மனிதக் கை படுகிற நேரம். ஆனால் உங்கள் பழைய ஷெட் எல்.டி. (குறைந்த மின்னழுத்த) இணைப்பில் ஓடியது, புது ஷெட்டில் லோடு கூடியதால் ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) இணைப்பு ஆகிவிட்டது. ஹெச்.டி. என்றால் கதையே வேறு. விண்ணப்பம், லோடு அனுமதி, எஸ்டிமேட், பணம் கட்டுவது, டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டர், அதற்கான யார்டு, கேபிள், பேனல், எர்த் பிட், மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்பு அனுமதி, கடைசியில்தான் மீட்டர். ஒவ்வொன்றிலும் கை படுகிற நேரம் ஓரிரு நாள், மீதி எல்லாம் காத்திருப்பு. டிரான்ஸ்ஃபார்மரைக் கடையில் போய்த் தூக்கிவர முடியாது. லோடு முடிவான பிறகு ஆர்டர் கொடுத்தால்தான் செய்யவே ஆரம்பிப்பார்கள். இதில் யாரும் வேண்டுமென்றே இழுத்தடிக்கவில்லை. அந்த வேலையின் நீளமே அவ்வளவு.

நிலப் பத்திரமும் மிஷின் லோடு பட்டியலும் அக்டோபரிலேயே உங்கள் கையில் இருந்தன. கூரைத் தகரம் மாட்டி, தரை போட்டு முடியட்டும் என்று ஜனவரி வரை காத்திருந்திருக்கிறீர்கள். அதே 123 நாள் அக்டோபர் 20-ல் தொடங்கியிருந்தால் பிப்ரவரி 20-ஐ ஒட்டிக் கரண்ட் வந்திருக்கும். பொங்கல் அப்போதும் தவறியிருக்கும்தான். ஆனால் மார்ச் 31-ல் பழைய ஷெட்டைக் காலி செய்துவிட்டு, 22 மிஷினும் புது ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நின்ற அந்த ஐந்து வாரம் இருந்திருக்காது.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இந்தத் தப்பு நடந்திருக்காது. எந்த வீட்டிலும் பத்திரிகை அடித்துவிட்டு மண்டபம் தேடுவதில்லை. மண்டபம் கிடைக்கிற முகூர்த்தமா என்று பார்த்துத்தான் தேதியே முடிவாகும். எது கிடைக்கத் தாமதமாகுமோ அதை முதலில் பிடி என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்காமலே தெரியும். ஃபேக்டரிக்குள் வந்ததும் அது எப்படியோ மறந்துபோகிறது.

ஆகவே ஷீட்டில் ஒரு புது நெடுவரிசை போடுங்கள். தலைப்பு: "எதற்குப் பிறகு?" 64 வரியிலும் தேதி இருக்கிறது, ஆனால் எந்த வரி முடிந்தால் எந்த வரியைத் தொடங்க முடியும் என்பது ஓரிடத்திலும் இல்லை. மீட்டர் எதற்குப் பிறகு? மின் ஆய்வு அனுமதிக்குப் பிறகு. அது எதற்குப் பிறகு? டிரான்ஸ்ஃபார்மர் நிறுவி, டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு. இப்படிக் கடைசியிலிருந்து பின்னோக்கி வந்தால் ஒரு சங்கிலி கிடைக்கும். உங்கள் ஷீட்டில் நானே போட்டுப் பார்த்தேன், ஒன்பது வரி வந்தது. இறுதித் தேதியைத் தீர்மானித்தது அந்த ஒன்பதுதான். மற்ற 55 வரியும் ஒரு வாரம் முன்னே பின்னே ஆகியிருந்தாலும் ஒன்றும் குடிமுழுகியிருக்காது.

இதைத்தான் புத்தகத்தில் கிரிட்டிக்கல் பாத் என்பார்கள். கேட்க ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் சமாசாரம் மாதிரி இருக்கும். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி கெமிக்கல் பிளான்ட்களைக் கட்டவும், பராமரிப்புக்காக நிறுத்தி ஓட்டவும் உருவாக்கிய முறை அது. பிளான்ட் நின்றால் நாளொன்றுக்கு எவ்வளவு போகிறது என்ற வயிற்றெரிச்சலில் பிறந்தது. உங்களுக்கு அந்த எரிச்சல் புதிதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வருத்தப்படாமல் படியுங்கள். அந்த ஞாயிறுகளில் என்ன செய்தீர்கள் என்று ஷீட்டிலேயே இருக்கிறது: தரையில் மஞ்சள் கோடு, கம்ப்ரெஸர் பைப் லைன், டூல் ரேக். எல்லாம் தேவையான வேலைதான். ஆனால் கரண்ட் வராமல் கம்ப்ரெஸர் ஓடப் போவதில்லையே. அந்த வேலைகளுக்கு மூன்று மாதம் அவகாசம் இருந்தது. உங்கள் அத்தனை ஞாயிறும் சேர்ந்து இறுதித் தேதியை ஒரு நாள்கூட முன்னே இழுக்கவில்லை. வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

பாம்பன் பாலத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போனது, பாலத்தின் கர்டர்களையும் (தூண்கள் மேல் கிடக்கும் இரும்பு உத்தரங்கள்) கடல் கொண்டுபோனது. சீரமைக்க ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம், மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ராப்பகலாக வேலை செய்தார்கள் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். ராப்பகலாக நீங்களும்தான் வேலை செய்தீர்கள். அங்கே திருப்பம் வேறிடத்தில் இருக்கிறது. புது கர்டர் செய்து வெளியூரிலிருந்து வந்துசேரும் காலம்தான் அந்த வேலையின் நீளம். அதற்குள் எத்தனை ஆளை இறக்கினாலும் அது சுருங்காது. அடித்துப்போன கர்டர்கள் கடலுக்கடியில் கிடப்பது மீனவர்கள் மூலம் தெரியவந்தது. அவற்றைத் தூக்கி எடுத்து மறுபடி பொருத்த முடியுமா என்று பார்த்தார்கள், முடிந்தது. நீளமான காத்திருப்பு ஒன்றை அடியோடு வெட்டிவிட்ட பிறகுதான் அந்த ராப்பகல் உழைப்புக்கு அர்த்தம் வந்தது.

உங்கள் 41-வது வரிக்கும் அப்படி ஒரு கர்டர் இருந்திருக்கலாம். பழைய ஷெட்டில் நான்கு சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும்) மிஷினை மட்டும் விட்டுவைக்க, உரிமையாளரிடம் பாதி இடத்துக்கு மே வரை வாடகை பேசியிருக்கலாம். ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து அவசர ஐட்டத்தை மட்டும் ஓட்டியிருக்கலாம். டீசல் கணக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் கஸ்டமர் போன கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். இது எதுவும் உங்களுக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம் அறிவுக் குறைவு கிடையாது. சிக்கல் அந்த வரியில் இருக்கிறது என்பதே மார்ச் கடைசியில்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். 2003-ல் தென் மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் (காற்றில் ஈரப்பதம் ஏற்றுவது) போடும் வேலை என் பொறுப்பில் வந்தது. எனக்கு டக்ட் வேலை அத்துப்படி, அதனால் நாள் முழுக்க ஏணி மேலேயே இருந்தேன். ஃபிட்டரை விடச் சுத்தமாக நான் போல்ட் முறுக்குவேன் என்று ஒரு பெருமை வேறு. அந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த கன்ட்ரோல் பேனல் துறைமுகத்தில் கிடந்தது. அதை எடுக்கத் தேவையான ஒரிஜினல் ஆவணம் வங்கியில். வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தில் என் கையெழுத்து ஒன்று பாக்கி. கடிதம் என் மேஜை டிராயரில் 11 நாள் கிடந்தது. துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. மேலதிகாரி சைட்டுக்கு வந்து, ஏணிக்குக் கீழே நின்றபடி ஒரே கேள்வி கேட்டார்: "பெட்டி எங்கப்பா?" கிரீஸ் கையோடு இறங்கி வந்த எனக்குப் பதில் வரவில்லை.

கைத்தொழில் தெரிந்தவருக்குப் பொறுப்பு கொடுத்தால் இதுதான் நடக்கும். தெரிந்த வேலைக்குள் போய் ஒளிந்துகொள்வோம். அது வேலை செய்கிற மாதிரியே இருக்கும் என்பதுதான் ஆபத்து. தெரியாத வேலை, மின் அனுமதி, வங்கிக் கடிதம், அடுத்தவர் ஆபீஸில் போய் உட்கார்வது, இதெல்லாம் "முதலாளி பார்த்துக்கொள்வார்" என்று ஒதுங்கிவிடும்.

அடுத்தது பொங்கலுக்குள் என்ற அந்த மூன்று மாதக் கெடு. யாரைக் கேட்டு ஒத்துக்கொண்டீர்கள்? நீங்களே உட்கார்ந்து ஒவ்வொரு வேலைக்கும் நாள் போட்டுக் கூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், எல்லோருக்கும் குறைவாகவே வருகிறது. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், கனடா பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், எடுத்ததோ 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்ன 48 நாளைக்கூடத் தாண்டிவிட்டது. நமக்கு நாமே போடும் கணக்கில் மழை வராது, டிரைவர் லீவு போட மாட்டார், கிரேன்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்.

இதற்கு மருந்து உங்கள் தெருவிலேயே கிடைக்கும். கோவையில் ஷெட் மாற்றிய மிஷின் ஷாப்காரர்களுக்கா பஞ்சம்? மூன்று பேரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்து, "உங்களுக்கு எத்தனை மாசம் ஆச்சுங்க, எங்க மாட்டுச்சு?" என்று கேட்டிருந்தால் போதும். மூன்று பேரில் ஒருவராவது கரண்ட் என்று சொல்லியிருப்பார். எக்ஸலைத் திறக்கும் முன்பே 41-வது வரியின் எடை தெரிந்திருக்கும்.

23-வது வரிக்கு வருவோம். "வி.எம்.சி. ஃபவுண்டேஷன் – 90%." அதாவது வி.எம்.சி. என்ற மில்லிங் மிஷினுக்கான அஸ்திவாரம். ஐந்து வாரம் தொடர்ந்து அதே 90. வாரா வாரம் கான்ட்ராக்டரைக் கேட்டிருப்பீர்கள், அவர் "ஆயிடுங்க" என்றிருப்பார். நம் ஊரில் "ஆயிடுங்க" என்பது பதில் கிடையாது, ஒரு மரியாதை. உங்களை வருத்தப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம். அதைச் சதவீதமாக மாற்றி எக்ஸலில் போட்டதுதான் தப்பு. குறிப்பில் பார்த்தால், மிஷினைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் டிராயிங்கே மிஷின் சப்ளையரிடமிருந்து வரவில்லை. டிராயிங் இல்லாமல் குழிக்குள் கான்கிரீட் போட முடியாது, போட்ட கான்கிரீட்டும் ஆற வேண்டும். முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு வைப்பார்கள். ஆக அந்த 90% உண்மையில் தோண்டிய குழி மட்டும்தான்.

சதவீதத்தைத் தூக்கிப் போடுங்கள். வரியை ஆச்சு, ஆகலை என்று மட்டும் பதில் வருகிற துண்டுகளாக உடையுங்கள். டிராயிங் வந்தாச்சா? குழி ஆச்சா? கம்பி கட்டியாச்சா? போல்ட் டெம்ப்ளேட் வைத்து அளவு பார்த்தாச்சா? கான்கிரீட் போட்ட தேதி என்ன? இப்படிக் கேட்டால் "ஆயிடுங்க" சொல்ல இடமே இருக்காது. முதல் கேள்வியிலேயே டிராயிங் இல்லை என்று தெரிந்திருக்கும்.

"முடிந்தது" என்ற சொல்லிலும் இதே கோளாறு. டிரெய்லரிலிருந்து மிஷினை இறக்கியதும் அந்த வரிகளுக்குப் பச்சை அடித்திருக்கிறீர்கள். ஹைட்ரா கிரேன்காரருக்கு அது முடிந்தது. எலக்ட்ரீஷியனுக்குக் கேபிள் கொடுத்தால் முடிந்தது. உங்களுக்கு? லெவல் எடுத்து, ஜியாமெட்ரி பார்த்து, முதல் பீஸ் டிராயிங் அளவுக்குள் வந்து, கஸ்டமர் ஒத்துக்கொண்ட பிறகுதான் முடிகிறது. சில கஸ்டமர்கள் இடம் மாறினாலே சாம்பிளைப் புதிதாக அப்ரூவல் செய்யச் சொல்வார்கள். அதற்கு வரியே இல்லை. ஷிஃப்டிங்குக்கு முன்னால் இரண்டு மாத ஸ்டாக் ஏற்றி வைப்பதற்கும் வரி இல்லை. அந்த இரண்டு ஐட்டத்துக்கும் ஓவர்டைம் போட்டு ஜனவரி, பிப்ரவரியில் ஸ்டாக் ஏற்றியிருந்தால் ஐந்து வாரத்தைக் கடத்தியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாத விஷயமா இது? நீங்கள் புரொடக்‌ஷன் ஆள். ஷிஃப்டிங் என்றதும் கட்டிட மேஸ்திரி ஆகிவிட்டீர்கள்.

வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு வார்த்தை. 19 பேர் இருக்கிற குழுவில் "பஸ்பார் (கரண்ட் கடத்தும் பட்டை) என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கட்டை விரல் வந்தது, பஸ்பார் வரவில்லை. 19 பேரைக் கேட்பதும் ஒருவரையும் கேட்காததும் ஒன்றுதான். வரிக்கு ஒரு பெயர், ஒரே பெயர். அவருக்கு நேரே போன். குழுவில் போட்டோ போட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் முதலாளி. நவம்பரில் ஸ்டோர்ஸுக்கு மெஸ்ஸனைன் (இடைத்தளம்) வேண்டும் என்றார், டிசம்பரில் இரண்டு வி.எம்.சி. கூடுதலாக புக் செய்தார். இரண்டு தடவையும் "சரிங்க ஐயா" என்றீர்கள். அவர் காசு, அவர் ஷெட், மாட்டேன் என்று சொல்ல உங்களால் முடியாது. முடியாததைச் செய்யச் சொல்லி நானும் இங்கே உட்கார்ந்து எழுத மாட்டேன். ஆனால் "செய்யலாங்க ஐயா, மெஸ்ஸனைன் போட்டா மிஷின் இறக்குறது மூணு வாரம் தள்ளும், பரவாயில்லைங்களா?" என்று கேட்கலாம். மூன்று வாரத்துக்கு அவர் சரி சொன்னால் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். சண்டைக்கு ஆதாரமாக வேண்டாம். பொங்கல் என்ற தேதி அன்றைக்கே செத்துவிட்டது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நாளில் தெரிய வேண்டும், அதற்குத்தான்.

டிசம்பரில் சொல்ல மனசு வரவில்லை என்ற இடத்தில் உங்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பெர்லினில் புது விமான நிலையம் 2012 ஜூன் 3 திறப்பதாக இருந்தது. தீயணைப்பு, புகை வெளியேற்றும் ஏற்பாடு சரியில்லை என்று மே 8-ந் தேதிதான் தள்ளிவைத்தார்கள். ஒரு மாதம்கூட இல்லை. கடைசியில் திறந்தது 2020 அக்டோபர் 31. பெரிய படிப்பு படித்தவர்கள் நிறைந்த இடத்திலேயே கெட்ட செய்தி மேலே போய்ச் சேர இவ்வளவு தாமதம். ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த மௌனத்துக்கு விலை என்ன என்று பாருங்கள். டிசம்பரில் சொல்லியிருந்தால் முதலாளி பழைய ஷெட் உரிமையாளரிடம் போய் இரண்டு மாதம் நீட்டிக் கேட்டிருப்பார். மார்ச்சில் கேட்கப் போனபோது அவர் புது ஆளிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டதாக உங்கள் ஷீட்டின் கடைசிக் குறிப்பில் இருக்கிறது. கெட்ட செய்தியைச் சொல்லும்போது தனியாகச் சொல்லாதீர்கள், கூடவே இரண்டு வழியைக் கொண்டுபோங்கள். "பொங்கலுக்கு ஆகாதுங்க. ஒண்ணு, ஓனர்கிட்ட மே வரைக்கும் கேக்கலாம். இல்லைன்னா பாதி மிஷினை மட்டும் இப்ப மாத்தலாம். எது செய்யட்டுங்க?" முதலாளிக்குக் கோபம் வரும், பத்து நிமிடம் இருக்கும். மே மாதத்துக் கோபம் இன்னும் போகவில்லை, பார்த்தீர்களா?

தப்பு முழுவதும் உங்களுடையது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "நீயே பாத்துக்கோ" என்று விட்டவர், தினசரி உற்பத்தியையும் உங்கள் தலையிலிருந்து இறக்கவில்லை. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் எதற்கும் அவர் கையெழுத்து வேண்டும் என்று ஷீட் முழுக்கக் குறிப்பு இருக்கிறது. அவர் ஊரில் இல்லாத 12 நாள் எர்த் பிட் வேலை நின்றிருக்கிறது. பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வது நம் சிறு தொழிற்சாலைகளில் சர்வ சாதாரணம். பவுடர் கோட்டிங் வேலைக்குத் தலையாட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். தினமும் மதியத்துக்கு மேல் உற்பத்தியை வேறு யார் பார்ப்பார்? எவ்வளவு தொகை வரை நீங்களே முடிவெடுக்கலாம்? பதில் கிடைக்காவிட்டாலும், கேட்டது அவர் மனதில் இருக்கும்.

பி.எம்.பி.? இப்போது வேண்டாம். நான்கு வருடப் பட்டம் இல்லாதவர்கள் அந்தத் தேர்வு எழுத, புராஜெக்டுகளை நடத்திய அனுபவம் பல வருடம் காட்ட வேண்டும், 35 மணி நேர வகுப்பும் முடித்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஏழு மாதம். நாளைக்குப் பெரிய கம்பெனிக்கு மாறுகிற எண்ணம் இருந்தால் அந்தச் சான்றிதழ் கதவைத் திறக்கும், மறுக்கவில்லை. இப்போதைய முதலாளியிடம் அதைச் சட்டம் போட்டு மாட்டினாலும், அடுத்த வேலையிலும் ஒரு 41-வது வரி இருக்கத்தான் போகிறது. அந்தக் காசில் பாதிக்கு நல்ல பிளானிங் இன்ஜினியர் ஒருவரை நான்கு சனிக்கிழமை கூப்பிட்டு, உங்கள் ஷீட்டை அவர் முன்னால் வைத்து அடி வாங்குங்கள்.

பவுடர் கோட்டிங் லைனுக்கு வருவோம். ஓவன் (பாகத்தைச் சூடாக்கும் அடுப்பு), பூத், கன்வேயர் என்று கொட்டேஷன் வாங்க ஆரம்பித்திருப்பீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள். பெயின்ட்டுக்கு முன்னால் பாகத்தைக் கழுவுகிற டேங்குகள் வரும். எண்ணெய் எடுப்பது, துரு எடுப்பது, பாஸ்ஃபேட் ஏற்றுவது. அந்தக் கழிவு நீர் எங்கே போகும்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவ இசைவு மிஷின் வருவதற்கு முன்னால் வாங்க வேண்டியது. இந்தத் தடவை உங்கள் 41-வது வரி அதுதான், ஷீட்டில் முதல் வரியாகப் போடுங்கள். சுத்திகரிப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியாமல் லேஅவுட் போடவே முடியாது. இரண்டாவது வரி கேஸ் லைனா கரண்ட்டா என்ற முடிவு. ஓவன் கரண்ட்டில் ஓடினால் லோடு மறுபடி கூடும், மறுபடி மின்வாரியம். மூன்றாவது, உங்களுடையது வார்ப்புப் பாகம். சூடேறும்போது நுண்துளைக் காற்று வெளியேறிக் கோட்டிங்கில் குமிழ் விடும். சப்ளையரின் டெமோ லைனில் உங்கள் பாகத்தையே நாலு பீஸ் ஓட்டிப் பாருங்கள். முன்கூட்டியே ஒரு தடவை சூடாக்க வேண்டும் என்று வந்தால் ஓவனின் நீளமே மாறிவிடும்.

ஓவனுக்கு முதலாளி அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரா என்று கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் அந்த நாலு பீஸ் டிரையல் முடியும் வரை கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கொடுத்துவிட்டார் என்றால், சப்ளையரிடம் பேசி டிராயிங்கை ஃபைனல் செய்யாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். புது ஷீட்டை, "எதற்குப் பிறகு?" நெடுவரிசையோடு, எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு எழுதுகிறேன்.